காட்டு நீர்வீழ்ச்சிக்குப் போகும் பிள்ளைகளும் வீட்டில் இருக்கும் பெரியவர்களும் அறிய

சித்திரை வருசத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது ஒரு அலுவலாகக் கொழும்புக்குப் போயிருந்தோம். அலுவல் முடிந்ததும், களுபோவிலயில் தங்கி வேலை செய்யும் நம் தோட்டத்துப் பிள்ளைகளை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருவோம் என்று போனோம். ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம் ஒரு ஒழுங்கையில், ஒரே அறையில் ஐந்து பேர். நாலு பேருக்கு வெள்ளவத்தையில் புடைவைக் கடையிலும் சாப்பாட்டுக் கடையிலும் வேலை. ஒருவருக்குக் கொட்டாஞ்சேனையில் ஹார்ட்வெயார் கடை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் எல்லோரும் இருந்தார்கள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்கள்.

பேச்சோடு பேச்சாக ஒரு பிள்ளை சொன்னார். "வருசத்துக்கு வரும்போது கடைப் பசங்களையும் கூட்டிட்டு வாறோம் சேர். நம்ம மேல் டிவிசனுக்கு மேல காட்டுக்குள்ள ஒரு நீர்வீழ்ச்சி இருக்குல்ல, அதுக்குப் போகப்போறோம்."

"வழி தெரியுமா தம்பி?"

"வழின்னு ஒன்னும் இல்லீங்க சேர். சின்ன வயசுல தாத்தாவோட வெறகுக்குப் போயிருக்கேன். ஆத்தப் புடிச்சிக்கிட்டு ஏறினா போயிறலாம். அதப் புடிச்சே எறங்கினா லயத்துக்கு வந்துறலாம்."

அந்தக் கடைசி வார்த்தைதான் அன்று இரவு ஹட்டன் பஸ்ஸில் எங்களைத் தூங்கவிடவில்லை. இந்தக் கட்டுரையை எழுத வந்ததும் அதனால்தான்.

போகவேண்டாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. சொன்னாலும் கேட்கமாட்டார்கள். இப்போது கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் முதுகில் பை மாட்டிக்கொண்டு கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். பாதை போட்டு, படி கட்டி, கடை வைத்திருக்கும் நீர்வீழ்ச்சி அவர்களுக்குப் போதவில்லை. ஆள் போகாத இடம் வேண்டுமாம். அந்த இடங்கள் பெரும்பாலும் நமது தேயிலை முடிந்து காடு தொடங்கும் எல்லைக்கு மேலேதான் இருக்கின்றன. மஸ்கெலியா, நோர்ட்டன் பக்கம் சிவனொளிபாத மலைக் காடு, தெனியாய, ரக்வானைப் பக்கம் சிங்கராஜா, அங்கால் நக்கிள்ஸ். ஆகவே வழிகாட்ட அவர்கள் பிடிப்பது நமது பிள்ளைகளைத்தான். ஏதும் நடந்துவிட்டால் கயிறும் டோர்ச்சும் எடுத்துக்கொண்டு இராத்திரியில் காட்டுக்குள் போவதும் நமது ஆட்கள்தான். 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, 191 பேருடன் ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த விமானம் ஏழு கன்னியர் மலையில் மோதியபோது அந்த மலைக்கு ஏறியவர்களைப் பற்றி நோர்ட்டன் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். ஒருவரும் பிழைக்கவில்லை. பகலில் கூட முகில் மூடினால் பக்கத்து ஆளைத் தெரியாத மலை அது.

ஆறு வீட்டுக்குக் கொண்டுவந்து விடாது

ஆற்றைப் பிடித்து இறங்கினால் ஊர் வரும் என்பது பழைய பேச்சு. சமதரையில் அது சரி. நமது மலையில் அது ஆளைக் கொல்லும்.

ஏன் என்று பார்ப்போம். நமது மலைநாடு சாய்வாக இறங்கும் தரை அல்ல. படிக்கட்டு மாதிரி. மேலே ஒரு தட்டு, பிறகு திடீரென்று ஒரு செங்குத்து, பிறகு இன்னொரு தட்டு. உறுதியான கருங்கல் பாறையைத் தண்ணீரால் சுலபமாக அறுக்க முடியாது. ஆகவே அது விளிம்புக்கு வந்து விழுகிறது. இலங்கையில் இத்தனை நீர்வீழ்ச்சிகள் இருப்பதற்குக் காரணம் இந்தப் படிகள்தான். பம்பரகந்த 263 மீற்றர், தியலும 220 மீற்றர், நம்ம பக்கத்து லக்சபான 126, அபர்டீன் 98. இவை பெயர் பெற்றவை. பெயரில்லாத பத்தடி, இருபதடி, ஐம்பதடிக் கொட்டுகள் ஒவ்வொரு ஓடையிலும் அடுத்தடுத்து இருக்கின்றன. காட்டுக்குள் இருப்பதால் கீழே நின்று பார்த்தால் தெரியாது.

வழி தவறியவர் என்ன செய்கிறார்? ஓடையோடு இறங்குகிறார். முதல் கொட்டு ஆள் உயரம், உட்கார்ந்து சறுக்கி இறங்கிவிடுகிறார். இரண்டாவது கொஞ்சம் பெரிது, வேரைப் பிடித்துத் தொங்கிக் குதிக்கிறார். மூன்றாவதின் விளிம்பில் போய் நின்றால் கீழே பாதாளம். திரும்பிப் பார்த்தால், இறங்கிவந்த பாறையில் ஏற முடியவில்லை. சறுக்கி இறங்கிய பாறையில் ஏறப் பிடி இருக்காது. இரண்டு பக்கமும் செங்குத்து. அங்கேதான் இருட்டுகிறது. பயத்தில் இறங்கப் பார்க்கிறார். கால் வழுக்குகிறது.

இதற்கு ஒரே வழி, போன வழியே வருவது. அதற்குப் போகும்போதே திரும்பிப் பார்த்துக்கொண்டு போகவேண்டும். முன்னால் பார்க்கும் மரமும் பின்னால் பார்க்கும் மரமும் ஒன்றாக இருக்காது. கவ்வாத்து மலையில் வேலை செய்த நமது பெரியவர்கள் காட்டுக்குள் போனால், மாணாப் புல்லை முடிச்சுப் போட்டுக்கொண்டே போவார்கள். இன்று துணி நாடா கட்டிப்போய் வரும்போது அவிழ்த்துக்கொண்டு வரலாம். மரத்தை வெட்டி அடையாளம் போடவேண்டாம், காட்டிலாகாவும் பிடிக்கும், மரமும் பாவம்.

வழி தவறிவிட்டது என்று தெரிந்த உடனே நின்றுவிட வேண்டும். இது சொல்லச் சுலபம், செய்யக் கஷ்டம். மனது "இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்போம்" என்றுதான் சொல்லும். ஆற்றைவிட்டுக் கொஞ்சம் மேலே, மழை ஒதுங்கும் இடத்தில் எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள். ஆற்றுக்குப் பக்கத்தில் இருந்தால் தண்ணீர்ச் சத்தத்தில் தேடி வருகிறவர் கூப்பிடுவது கேட்காது. விசில் ஒன்று பையில் இருக்கட்டும், மும்மூன்று தடவை ஊதுங்கள். வாயால் கத்தினால் அரை மணித்தியாலத்தில் தொண்டை போய்விடும். இரவில் குளிர்தான் எதிரி. நனைந்த சட்டையோடு காற்றில் இருந்தால் உடம்பு விறைக்கும். கொழுந்து மலைக்குக் கட்டும் படங்கு ஒன்றைச் சுருட்டி எடுத்துப்போனால் அது கூடாரத்துக்குச் சமம். கொழும்புப் பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும்.

இன்னொரு விடயம். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் மலையகத்தில் எத்தனை இடத்தில் மண் சரிந்தது, எத்தனை உயிர் போனது என்பது நமக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. காட்டுக்குள்ளும் சரிந்திருக்கிறது. "சின்ன வயசுல போயிருக்கேன்" என்கிற பாதை இப்போது இருக்குமா? பச்சை மண் தெரியும் சரிவுக்குக் குறுக்கே நடக்கவேண்டாம். ஒரு பெரிய மழைக்கு அது இன்னும் நகரும்.

மழை உங்கள் தலையில் பெய்யவேண்டும் என்று இல்லை

நீர்வீழ்ச்சியில் குளித்தவர்கள் அடித்துச் செல்லப்பட்ட செய்தியைப் படிக்கும்போது, "வெயில்தான் அடிச்சிச்சு, எப்படித் தண்ணி வந்துச்சின்னே தெரியல" என்று பிழைத்தவர் சொல்வார். பொய் இல்லை. அவர் நின்ற இடத்தில் வெயில். மழை பெய்தது மேலே, மலை முகட்டுக்கு அந்தப் பக்கம்.

தேயிலை ஸ்டோர் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு பெரிய தகரத்தில் விழும் மழை முழுக்க ஒரு பீலியால் கொட்டுகிறது. பீலிக்குக் கீழே வாளியை வைத்தால் கண் மூடித் திறக்குமுன் நிறையும். நீர்வீழ்ச்சி என்பது மலையின் பீலி. மேலே ஒரு சதுரக் கிலோமீற்றர் காட்டில் 25 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழும் தண்ணீர் 25,000 தொன். பாதியைக் காடு குடித்துவிட்டது என்று வைத்தாலும் மிச்சம் வருவதற்கு அந்த ஒரு வாய்தான் இருக்கிறது.

சித்திரை மாதத்திலும், ஐப்பசி தீபாவளி சமயத்திலும் நமக்கு லீவு. அந்த இரண்டு காலமும் பருவக்காற்று மாறும் காலம். காலையில் வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும். ஓடை வற்றிக் கிடக்கும், கல்லில் கால் வைத்தே தாண்டலாம். ஒரு மணி, இரண்டு மணிக்கு முகில் கூடி இடிமழை. லீவுக்கு வரும் பிள்ளைகள் காலைத் தண்ணீரை நம்பி மாலையில் மாட்டுவது இப்படித்தான். வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் ஆறு பார்க்கவே பயங்கரமாக இருக்கும், யாரும் இறங்கமாட்டார்கள்.

தண்ணீர் வருமுன் சொல்லிவிட்டுத்தான் வரும். தெளிந்த தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்கு மாறும். சருகும் சுள்ளியும் மிதந்து வரும். சத்தம் கனத்துப்போகும். திடீரென்று ஒரு குளிர்காற்றும் மண் வாசமும் ஆற்றோடு இறங்கும். இதெல்லாம் நமது அம்மாமாருக்குத் தெரிந்ததுதான், பீலிக்கரையில் துணி துவைக்கும்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறியவர்கள்தானே. ஆற்றுக்குப் போன உடனே தண்ணீர் தொடும் விளிம்பில் ஒரு கல்லை வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை யாராவது ஒருவர் அந்தக் கல்லைப் பார்க்கவேண்டும். கல் நனைந்தால் சாப்பாடு பாதியில் இருந்தாலும் எழும்பிவிடவேண்டும்.

ஆற்றைத் தாண்டிப் போயிருந்தால், தண்ணீர் கூடுமுன் தாண்டி வந்துவிடுங்கள். கூடிவிட்டால் தாண்டவே வேண்டாம். நின்ற பக்கத்திலேயே மேட்டுக்கு ஏறி இருங்கள். இடிமழைத் தண்ணீர் வந்த வேகத்தில் வடியும், மூன்று நாலு மணித்தியாலம் பொறுத்தால் போதும், ஒரு இரவு என்றாலும் இரவுதான். முழங்கால் அளவு தண்ணீர்தானே என்று நினைக்கக்கூடாது. வேகமாக ஓடும் முழங்கால் தண்ணீர் ஒரு பெரிய ஆளை விழுத்தும். விழுந்தபின் அது முழங்கால் அளவாக இருக்காது.

மழையே இல்லாமல் தண்ணீர் கூடும் இடங்களும் உண்டு. காசல்ரீ, மவுசாக்கலை, கெனியன், நோர்ட்டன், லக்சபான நீர்த்தேக்கங்களுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இது தெரியும். வான்கதவு திறந்தால் கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் நிமிடத்தில் உருவம் மாறும். அபர்டீன் நீர்வீழ்ச்சி நோர்ட்டன் அணைக்குக் கீழே இருக்கிறது என்பதைக் குளிக்கப் போகிறவர்களில் எத்தனை பேர் யோசிக்கிறார்கள்? தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டம் 2012இல் தொடங்கியபின் சென் கிளயாரில் தண்ணீர் குறைந்துவிட்டது. அதைப் பார்த்து ஆற்றுக்குள் இறங்கலாம் என்று நினைக்கவேண்டாம், அணைக்குக் கீழே காய்ந்திருக்கும் ஆறும் ஆறுதான். எச்சரிக்கைச் சங்கு ஊதினால் படம் எடுத்துக்கொண்டு நிற்கவேண்டாம்.

குளத்துக்குள்

விழும் தண்ணீருக்குக் கீழே இருக்கும் குளம் வெள்ளையாக நுரைத்துக் கிடக்கும். அந்த நுரையில் பாதி காற்று. காற்று கலந்த தண்ணீர் ஆளை மிதக்கவிடாது, கடலில் நன்றாக நீந்தும் தெஹிவளைப் பிள்ளையும் அங்கே தாழ்வார். அத்தோடு விழும் தண்ணீர் அடிவரை போய்ச் சுருண்டு திரும்ப வரும், உள்ளே போனவரைத் திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு இழுக்கும். கொட்டும் இடத்துக்குக் கிட்டவே போகவேண்டாம். மேலேயிருந்து குதிக்கவே கூடாது. போன வருசம் ஆழமாக இருந்த குளத்தில் இந்த வருசம் வெள்ளம் ஒரு பாறையைக் கொண்டுவந்து போட்டிருக்கும், தண்ணீர் கறுப்பாக இருப்பதால் தெரியாது. கரும்பாசி பிடித்த பாறை காய்ந்த மாதிரி இருந்தாலும் சவர்க்காரம்தான்.

ஒருவர் விழுந்தால் மற்றவர் குதிப்பது அன்பினால். அப்படிப் போய் ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பேர் இறந்த செய்திகள் நமக்குப் புதியவை அல்ல. குதிக்காமல் எதையாவது எறியுங்கள். வெறும் ஐந்து லீற்றர் பிளாஸ்டிக் கேனை மூடி இறுக்கி, நாற்பது அடிக் கயிற்றில் கட்டிப் பையில் வைத்துக்கொண்டால் அதுவே போதும். கேன் மிதக்கும், பிடித்தவரும் மிதப்பார். இதைவிட மலிவான உயிர்காப்பு எங்களுக்குத் தெரியாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். அட்டையைப் பற்றி நம்மவர்களுக்கு எழுதினால் சிரிப்பீர்கள். கொழும்பு நண்பர்களுக்குச் சொல்லுங்கள்: பிய்த்து இழுக்கவேண்டாம், சவர்க்காரம் அல்லது உப்புப் போட்டால் விழும், இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, பயமில்லை. ஓடையில் முகத்தை வைத்துக் குடிக்கவேண்டாம், மூக்குக்குள் ஏறும் அட்டையும் உண்டு. சருகுக்குள் கிடக்கும் சின்ன விரியன், சிங்களத்தில் குணகட்டுவா என்பார்கள், அதன் கடிக்கு இங்கே ஆஸ்பத்திரியில் இருக்கும் விச முறிவு மருந்து வேலை செய்யாது. ஆனாலும் ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும், கிட்னியைப் பாதிப்பது அங்கேதான் கவனிக்கப்படும். கட்டுப் போடவோ கீறவோ வேண்டாம். குளவி பற்றி மட்டும் ஒரு வார்த்தை கூடுதலாக. பெரிய தேனீக்கள் கூடு கட்டுவது இப்படியான செங்குத்துப் பாறைகளில்தான். பம்பரகந்த என்ற பெயரில் இருக்கும் பம்பரம் அதுதான். சென்ட் அடித்துக்கொண்டு வருவது, புகை போடுவது, கல் எறிவது, பாட்டுப் பெட்டியை அலறவிடுவது, எல்லாம் அதைக் கூப்பிடும் வேலை. கொழுந்து மலையில் குளவிக்கொட்டு வாங்கிய நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கேட்டுப் போகவேண்டும்

சிவனொளிபாத மலைக் காடு வனஜீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பு. சிங்கராஜாவுக்கு டிக்கெட் எடுத்து, அவர்கள் தரும் வழிகாட்டியோடுதான் போகவேண்டும். அனுமதி இல்லாமல் போய்ப் பிடிபட்டால், பையோடு வந்தவர் அபராதம் கட்டிவிட்டுப் போய்விடுவார். வழிகாட்டிய பிள்ளைக்கு வழக்கு. தோட்டத்து வழியால் போவதற்குத் துரைமாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது, யார் உள்ளே போனார்கள் என்று தோட்டத்தில் ஒருவருக்காவது தெரிந்திருக்கும்.

இதில் எங்களுக்குக் கோபம் வரும் ஒரு இடம் இருக்கிறது. காட்டுக்குள் குளிக்கும் தண்ணீர் எங்கே போகிறது? பைப் வழியாக நமது லயத்துத் தொட்டிக்கு. ஷாம்பு, சாராயப் போத்தல், சாப்பாட்டு லஞ்ச் ஷீட், மலம் எல்லாம் நமது பிள்ளைக் காம்பராவில் கொதிக்கும் பால்மாத் தண்ணீருக்கு மேலே. தண்ணீர் எடுக்கும் இடத்துக்கு மேலே யாரையும் கூட்டிப்போகவேண்டாம். கையில் தரும் காசு அதற்கு ஈடாகாது.

போகுமுன், எத்தனை பேர், எந்தப் பக்கம், எத்தனை மணிக்குத் திரும்புவது என்று வீட்டில் சொல்லி வையுங்கள். சொன்ன நேரம் தாண்டி ஒரு மணித்தியாலத்தில் வராவிட்டால், வீட்டார் "வந்துருவாங்க" என்று இருக்காமல் தலைவரிடமும் தோட்ட ஒபிசிலும் சொல்லவேண்டும். பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, அம்புலன்ஸ் 1990. காட்டுக்குள் போன் எடுக்காது, வெளியே இருப்பவர் கையில்தான் இந்த இலக்கங்கள் இருக்கவேண்டும்.

களுபோவில பிள்ளைகள் கதைக்கு வருவோம். தோட்டத்துக்கு வந்ததும் அந்தப் பிள்ளையின் தாத்தாவிடம் போய்ச் சொன்னோம். அவருக்கு இப்போது மலை ஏற முடியாது. "ஆத்தோரம் எறங்கவா பாத்தான்? மூணாவது பள்ளத்துல எருமை விழுந்து செத்த எடம் அது" என்றார். தனக்குத் தெரிந்த ஒரு வயதான ஆளை அனுப்பி வைத்தார். ஒன்பது பேர் புதுவருசத்துக்கு மறுநாள் காலை ஆறு மணிக்குப் போனார்கள். எங்கே நின்றாலும் பதினொன்றுக்குத் திரும்புவது என்று பேச்சு. பதினொன்றுக்கு அவர்கள் நின்ற இடத்தில் நீர்வீழ்ச்சியின் சத்தம் நன்றாகக் கேட்டதாம். இன்னும் அரை மணித்தியால வழி. முகில் இறங்கத் தொடங்கியிருந்தது. "இவ்வளவு தூரம் வந்து பாக்காம போறதா?" என்று வெள்ளவத்தைப் பிள்ளை ஒருவர் சண்டை பிடித்தார். பெரியவர் ஒன்றும் பேசவில்லை, பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார். மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். இரண்டு மணிக்கு அவர்கள் தேயிலைக்குள் இறங்கும்போது இடி. நாலு மணிக்கு விறகுக்குப் போன பெண்கள், காலையில் அவர்கள் கல்லில் தாண்டிய இடத்தில் இடுப்பளவு செந்தண்ணீர் ஓடுவதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள்.

கதை அதோடு முடியவில்லை. அவர்கள் கொழும்புக்குத் திரும்பி ஒன்பதாம் நாள் இரவு எங்களுக்குப் போன் வந்தது. சண்டை பிடித்த அதே பிள்ளை. கடும் காய்ச்சல், கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு. பெனடோல் போட்டுப் படுத்திருக்கிறார். காலில் புண் இருந்ததா என்று கேட்டோம். சப்பாத்து உரசிக் கொப்புளம், அதோடுதான் ஓடையில் இறங்கினாராம். எலிக்காய்ச்சல் சேற்றிலும் தண்ணீரிலும் இருந்து புண் வழியாக ஏறும், ஒன்று இரண்டு கிழமை கழித்துத்தான் தலைகாட்டும். வயலில் இறங்குபவர்களுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் தடுப்பு மாத்திரை கொடுப்பது இதற்காகத்தான். பிந்தினால் கிட்னியும் ஈரலும் கெடும். "ஆஸ்பத்திரி உங்க வாசல்ல இருக்கு தம்பி, இப்பவே போங்க. போய் டெங்கு என்று அவங்க நினைக்குமுன்னே, காட்டு ஆத்துல இறங்கினேன்னு நீங்களே சொல்லுங்க" என்றோம்.

போய்ச் சொல்லியிருக்கிறார். இரத்தம் எடுத்தார்கள், அன்றே வார்ட்டில் மறித்து ஊசி மருந்து தொடங்கினார்கள். ஆறாம் நாள் துண்டு வெட்டி அனுப்பினார்கள். இரண்டு கிழமைச் சம்பளம் போய்விட்டது. தை மாதம் மழை குறைந்த பிறகு மறுபடி வந்து அந்த நீர்வீழ்ச்சியைப் பார்க்கப்போவதாகச் சொல்கிறார், அந்தப் பெரியவரே கூட வருவாரா என்று கேட்டிருக்கிறார்.